பல்லில்லாதவர் பந்தி

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் பெரியோர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நொறுக்குவதற்குப் பல்லே இல்லாதவர் எத்தனை வயது இருக்கலாம் என்பதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. சென்ற கார்த்திகை மாதம் பினாங்கிலிருந்து நம் அத்தான் வந்து சேரும் வரையில், இந்தக் கேள்வி நமக்கும் தோன்றியதில்லை.

அத்தான் அங்கே பள்ளிக்கூட ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் உள்ள நம் வீட்டுக்கு அவர் வந்தது ரங்கநாதரைச் சேவிப்பதற்காக அல்ல. பல் கட்டிக்கொள்வதற்காக! "திரைகடலோடியும் திரவியம் தேடு" என்று அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போனார். 'ரஜூலா' என்ற கப்பல் 1926-ஆம் வருஷம் முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அப்படிப் போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. இப்பொழுது கப்பலும் இல்லை, கடல் மயக்கமும் இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஏறினால் நேரே திருச்சி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். பாட்டனார் திரவியம் தேடிப் போனார். பேரன் அதில் ஒரு பகுதியைப் பல்லில் போடுவதற்காகத் திரும்பி வந்தார். அங்கே ஆகும் செலவை விட இங்கே வெகு குறைவு என்பதால், இப்படி வருகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

இதில் நாம் சிறிது பெருமைப்பட்டுக்கொண்டால் குற்றமில்லை. பல் வைத்தியம் படிக்க வேண்டுமானால் சீமைக்குப் போகவேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. டாக்டர் ரஃபியுதீன் அகமது என்பவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1920-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் தேசத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தம் சொந்த முயற்சியால் தொடங்கினார். சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் ஏற்பட்டது. இன்றோ, வெளிநாட்டிலிருந்து நம் ஊர் வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்ட வருகிறார்கள்.

திருகாணிப் படலம்

திருச்சி தில்லை நகரில் ஒரு வைத்தியசாலையில் அத்தானுக்குச் சிகிச்சை நடந்தது. வேர் மட்டும் மிஞ்சியிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். முன்பே காலியாயிருந்த மூன்று இடங்களில் தாடை எலும்பைத் துளைத்து, டைட்டானியம் என்ற உலோகத்தாலான திருகாணிகளைப் பதித்தார்கள். இந்த வித்தைக்கு மூலம் ஸ்வீடன் தேசம். 1952-ஆம் வருஷத்தில் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தாலான ஒரு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்றப் போனால், கழலவில்லை! எலும்பும் உலோகமும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. 1965-இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருடைய தாடையில் அதே முறையில் பல் அமைத்தார். பிரோனமார்க்கின் முயல் அகப்பட்டுக்கொண்டதால் நம் அத்தானுக்குப் பல் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால் திருகாணியை வைத்தவுடன் பல் கிடைத்துவிடாது. எலும்பு அதைப் பற்றிக்கொள்வதற்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதன் பிறகுதான் மேலே பல்லை மாட்டுவார்கள். ஆகவே முதல் பயணத்தில் ஊருக்குத் திரும்பும்பொழுது, வந்ததை விட இரண்டு பல் குறைவாகத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால், தையல் பிரித்து, ஆறிவிட்டது என்று வைத்தியர் சொல்லும் வரையில் இரண்டு வாரம் நம் வீட்டு வாசம்.

வைத்தியர் சொன்ன விதிகளை நேயர்கள் குறித்துக்கொள்வது நல்லது. என்றைக்காவது ஒரு நாள் யாருக்கும் உதவும். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் உள்ளே எலும்பு வெளித்தெரிந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் காது வரையில் இழுக்கும் வலி உண்டாகும். ஆகையால் முதல் நாள் காறித் துப்பக்கூடாது. வாயைப் பலமாகக் கொப்பளிக்கக்கூடாது. எதையும் குழல் வைத்து உறிஞ்சக்கூடாது. சூடாக எதுவும் ஆகாது. புகையிலை, சுருட்டு, வெற்றிலை பாக்கு ஆகியவற்றின் பக்கமே போகக்கூடாது. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்திருந்து, மெள்ளச் சாய்த்து விடலாம். சாப்பாடு மெல்ல வேண்டாததாக இருக்கவேண்டும்.

"மெல்ல வேண்டாததென்றால் என்ன சாப்பாடு?" என்பதுதான் பிரச்னை. அத்தான் பினாங்கிலிருந்து புறப்படும்பொழுதே, வெள்ளைக்காரர் யாரோ எழுதிய ஒரு ஜாபிதாவை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த ஆப்பிள் குழம்பு, ஐஸ்கிரீம், சூப்பு என்று அதில் கண்டிருந்தது. போதாததற்குப் பெட்டியில் மூன்று டப்பா சத்து மாவு வேறு. "மாப்பிள்ளை, இந்த ஊரில் ஆப்பிள் குழம்பு எங்கே கிடைக்கும்?" என்று வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, பாதி ஜாடையும் பாதிப் பேச்சுமாகக் கேட்டார்.

நாம் விழித்தோம். நமது சகதர்மிணியும் விழித்தாள். கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த நம் அம்மாதான் பதில் சொன்னாள். அவளுக்கு வயது எண்பத்து மூன்று.

"பச்சைக் குழந்தைக்குச் சோறூட்டும்போது என்ன போடுவாயோ, அதைப் போடு. தம்பிக்கு இப்போது வயது ஒன்று" என்றாள்.

ஒரு வயதுக் குழந்தையின் சமையல்

முதல் நாள் தயிர்சாதம். சாதாரணமாக இலையில் போட்டுப் பிசைந்துகொள்ளும் தயிர்சாதம் அல்ல. பச்சரிசியைக் குழைய வடித்து, சூடு இருக்கும்பொழுதே கரண்டியின் அடியால் பருக்கை தெரியாமல் மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து வைத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் சாதம் புளிக்காமல், குளிர்ந்து, வெண்ணெய் போலாகிவிட்டது. சகதர்மிணி வழக்கப்படி கடுகு தாளிக்கக் கரண்டியை அடுப்பில் வைத்துவிட்டாள். "கடுகு வேண்டாம்!" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். பல் பிடுங்கிய குழியில் அது போய் உட்கார்ந்துகொண்டால் எடுப்பதும் எளிதல்ல. வைத்தியர் சொல்ல மறந்துபோன விதி இது. கேழ்வரகு, எள், கசகசா, மாதுளை விதை எல்லாவற்றுக்கும் இதே தடையுத்தரவு.

பிறகு இளநீர். கடைக்காரர் குழல் போட்டு நீட்டியதை வாங்காமல், டம்ளரில் ஊற்றி வாங்கிவந்தோம். உள்ளேயிருந்த வழுக்கையைச் சுரண்டி மசித்ததும் அத்தான் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. வாழைப்பழத்துக்குத் திருச்சியில் பஞ்சமா? காவேரிக் கரையில் முசிறியிலும் தொட்டியத்திலும் லால்குடியிலும் விளைகிற தார்கள் காந்தி மார்க்கெட்டில் வந்து குவிகின்றன. மத்திய அரசாங்கம் 1993-ஆம் வருஷத்தில் வாழைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் திருச்சியில்தான் ஏற்படுத்தியது. பூவனும் ரஸ்தாளியும் நாக்காலேயே மசிந்துவிடும். நேந்திரனை ஆவியில் வேகவைத்து, நாரெடுத்து, நெய் விட்டுப் பிசைந்தால் ஒரு வேளைப் பசி அடங்கும்.

இரண்டாம் மூன்றாம் நாட்களில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பாலில் ஊறிய இட்லியும். நான்காம் நாள் வெண்பொங்கல். மிளகை முழுதாகப் போடாமல், பொடியும் மிகக் கொஞ்சம். அதற்கப்புறம் அரைக்கீரை மசியல், பூசணிக்காய்க் கூட்டு, நெய் விட்ட பருப்புச் சாதம். அத்தான் அசைவக்காரராகையால் அரைவேக்காட்டு முட்டையும், முள் எடுத்துக் குழம்பில் மசித்த மீனும் உண்டு. ஆறாம் நாள் சத்து மாவு டப்பாக்களைப் பார்த்தோம். மூன்றும் முத்திரை உடையாமல் இருந்தன.

ஒன்று கவனிக்க வேண்டும். மெல்ல முடியாதவருக்கு வெறும் கஞ்சியே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும் பிசகு. கஞ்சி பசியை அடக்கும். ஆனால் புண் ஆறித் தசை வளர்வதற்குப் புரதச் சத்து வேண்டும். அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள ஒரு சத்து பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. பொங்கலும் இட்லியும் பருப்புச் சாதமும் இந்த இரண்டையும் கூட்டி வைத்த சம்பந்தங்கள். ரம்ஜான் மாதத்து மாலைகளில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியிலும் அரிசியோடு பாசிப்பருப்பு உண்டு. நாளெல்லாம் உபவாசம் இருந்த வயிற்றுக்கு எது ஏற்கும் என்று அறிந்தவர்கள் கண்ட பாகம் அது. புண்பட்ட வாய்க்கும் நன்றாய் ஏற்கும்.

அரங்கன் பத்தியம்

ஏழாம் நாள் தையல் பிரித்த பிறகு, அத்தானைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். 1987-இல் முடிவு பெற்ற 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து, ஏழு பிராகாரங்களில் ஒவ்வொன்றாய் உள்ளே போனோம். எல்லோரும் கோபுரத்தையும் சிற்பத்தையும் பார்க்க, நாம் மட்டும் அந்த வாரத்துப் பழக்கத்தால் பெருமாளின் சாப்பாட்டைப் பற்றியே விசாரித்துக்கொண்டு போனோம். விசாரிக்கத் தகுந்த விஷயம்தான் அது.

அரங்கனுடைய தளிகை மண் பாத்திரங்களில் நடக்கிறது. துலுக்க நாச்சியாரை முன்னிட்டுக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாவது பிரசித்தம். இன்னொரு வரலாறும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு நாள் ராமாநுஜர் சேவிக்க வந்தபொழுது பெருமாளின் திருமுகம் வாடியிருக்கக் கண்டாராம். விசாரித்ததில், தயிர்சாதத்தோடு நாவற்பழத்தையும் நிவேதனம் செய்துவிட்டார்கள் என்று தெரிந்ததாம். ஜீரணத்துக்கு ஒவ்வாத சேர்க்கை! உடனே கருடவாகன பண்டிதரைக் கொண்டு கஷாயம் தயாரித்துச் சமர்ப்பிக்கச் செய்தாராம். உலகத்துக்கெல்லாம் படியளக்கிறவருக்கே பத்தியம் பார்த்த ஊர் இது.

கதையோடு நிற்கவில்லை. கோயிலுக்குள்ளே தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. ஹொய்சளர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், இங்கே ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டதும், பிறகு அது சிதைந்துபோய் 1493-ஆம் வருஷத்தில் கருடவாகன பட்டரால் புதுப்பிக்கப்பட்டதும் கல்வெட்டால் தெரிகின்றன. அதற்கும் முன்னால், 11-ஆம் நூற்றாண்டில், காஞ்சீபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கோயிலில் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நடந்தது. அந்தக் கல்வெட்டில் வைத்தியருக்கும் மருந்துக்கும் மட்டுமல்ல, நோயாளி ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு நாழி அரிசி என்று சாப்பாட்டுக்கும் நிபந்தம் கண்டிருக்கிறது. மருந்து கொடுத்தவர் சாப்பாட்டையும் கணக்கில் வைத்தார். இன்று நாம் வைத்தியசாலையில் காசு கட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு ஒரு துண்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

பிரசாதக் கடையில் முறுக்கும் அதிரசமும் அடுக்கியிருந்தன. அத்தான் அவற்றை ஒரு முறை பார்த்தார், பெருமூச்சு விட்டார், சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டார். அதைத் தின்றுகொண்டே அக்கார அடிசிலைப் பற்றிப் பேச்சு வந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் பாலிலேயே வெந்து, வெல்லமும் நெய்யும் சேர்ந்து குழைந்த பண்டம் அது. அழகர் மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அவள் அரங்கனை அடைந்துவிட்டதால், ராமாநுஜர் அந்தப் பிரார்த்தனையை அவளுக்காக நிறைவேற்றினார் என்பது வரலாறு. "இருநூறு தடாவிலும் மெல்ல வேண்டியது ஒன்றுகூட இல்லையே!" என்றார் அத்தான். ஒரு வாரமாகப் பல்லாலேயே உலகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு அதுதான் முதலில் பட்டது.

நாம் காணாதது

இனி நாம் சொல்லப் போவது நமக்குப் பெருமை தருவதல்ல.

கோயிலிலிருந்து வந்த அன்றிரவு, சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் நம்மைத் திண்ணைக்கு அழைத்தார்.

"மாப்பிள்ளை, அத்தைக்குப் பல் போய் எத்தனை வருஷமாகிறது?" என்று கேட்டார்.

பதினோரு வருஷம் என்றோம். பல் செட்டு ஒன்று கட்டிக் கொடுத்ததையும், ஈறு வலிக்கிறதென்று அம்மா அதைக் கழற்றி வைத்ததையும், அது இன்றளவும் அலமாரியில் ஒரு டம்ளர் தண்ணீரிலேயே குடியிருப்பதையும் சொன்னோம்.

"இந்த ஏழு நாளும் அத்தை சாப்பிட்டதைப் பார்த்தீர்களா?"

நாம் பார்க்கவில்லை. அத்தான் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் எழுந்து கை கழுவிய பிறகும் இலையில் பாதி மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள் இருவருந்தான். கீரை மசியலை அம்மா மறுபடி கேட்டு வாங்கினாளாம். கூட்டை இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாளாம். நம் அம்மாவை நாம் அறிந்த வரையில் அவள் ரசஞ்சாதமும் மோர்சாதமும் நாலு வாய் சாப்பிடுவாள். அவரையோ வெண்டையோ பொரியல் போட்டால் இலையோரத்தில் ஒதுக்கிவிடுவாள். "போதும், பசியில்லை" என்பாள். வயதானால் பசி குறையும் என்று நாமும் சமாதானமாக இருந்தோம். அவள் கை மெலிந்து, வளையல் முழங்கை வரையில் ஏறியதற்கும் வயதே காரணம் என்று வைத்துக்கொண்டோம்.

"முதல் இரண்டு நாள் நானும் பசியில்லை என்றுதான் சொன்னேன்" என்றார் அத்தான். "வயிறு கபகபவென்று எரிந்தது. ஆனால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்காகப் பாத்திரத்தைக் கழுவாமல் காத்திருக்கிறார்கள். பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது? எனக்கு இது ஏழு நாள். அத்தைக்குப் பதினோரு வருஷம்."

நமக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை. விருந்தாளியின் வாய்க்காக ஒரு வாரம் நம் வீட்டு அடுப்பு வேறு விதமாக எரிந்தது. அந்தச் சமையலை வாயாலேயே சொல்லி நடத்தியவள் அம்மா. கடுகு குழியில் உட்காரும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் கேட்கவில்லை. ஈறுக்கும் பல் செட்டுக்கும் நடுவே அகப்பட்ட கடுகைப் பற்றி அவள் யாரிடமும் புகார் சொல்லவுமில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கட்டில் இருக்கலாம். அங்கிருந்து "பசியில்லை" என்ற குரல் வந்தால், ஒரு தடவை இலையைப் பாருங்கள். ஒதுக்கியவையெல்லாம் மெல்ல வேண்டியவையாயிருந்தால், குறை பசியில் இல்லை. இதற்குத் தனிச் சமையல் வேண்டியதில்லை. எல்லோருக்குமாக வேகிற காயில் ஒரு பங்கை எடுத்து இன்னும் பத்து நிமிஷம் வேகவைத்து, மத்தால் ஒரு கடை கடைந்தால் போதும். பருப்பையோ முட்டையையோ தயிரையோ ஒவ்வொரு வேளையிலும் சேர்க்கவேண்டும். பல் செட்டு வலித்தால் அது விதியல்ல. நாளாக ஆக ஈறும் எலும்பும் தேய்ந்து, கட்டிய செட்டு பொருந்தாமற் போகும். வைத்தியரிடம் காட்டினால் சரிப்படுத்துவார், அல்லது புதிதாகக் கட்டித் தருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரையில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். எழுந்து போய்விட்ட பந்தியில் தனியாக இருந்து வயிறாரச் சாப்பிட யாருக்கும் மனம் வராது.

அத்தான் இரண்டு வாரம் கழித்து விமானம் ஏறினார். மணப்பாறை முறுக்கு ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தோம். அந்த முறுக்குக்கு 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைச் சொல்லி, பேரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியின் அடியில் வைத்தார். பங்குனியில் மறுபடி வந்து பல் மாட்டிக்கொண்டார். புதுப் பல்லோடு முதல் முறுக்கை அவர் கடித்த சத்தம் வாசல் வரையில் கேட்டது. "மெதுவாக, மெதுவாக!" என்று நாம் கத்தினோம்.

அந்தப் பயணத்தில் இன்னொருவரும் தில்லை நகருக்கு வந்து வைத்தியர் முன் வாய் திறந்தார். அம்மாவுக்குப் புதுச் செட்டு தயாராகி வருகிறது. அது பொருந்தினாலும் சரி, டம்ளருக்கே குடிபோனாலும் சரி, கீரை மட்டும் நம் வீட்டில் இப்பொழுது தினமும் மசிந்தே வேகிறது. அம்மா சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிஷம் ஆகிறது. பதினோரு வருஷமாக நாம் கேட்காத பழங்கதைகளை அந்த நாற்பது நிமிஷத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.